பக்கிங்காம் கால்வாய் சொல்லும் பழங்கணக்கு



சாதாரணமாக இந்த நேரத்தில் நான் உங்களோடு பேசுவது மேலுரம், இலைச்சுருட்டுப் புழு, உவர் நிலத்துக்கு ஜிப்சம் என்று இப்படித்தான் இருக்கும். இன்றைக்கு அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பழைய கணக்கைப் பார்க்கலாம். நம்ம பக்கத்தில் துறைமுகம் வந்திருக்கிறது, கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை வந்திருக்கிறது, பட்டணம் போகிற வழியில் நல்லூரில் சுங்கச்சாவடி இருக்கிறது. இவற்றில் பலவற்றை அரசாங்கம் தனியாகச் செய்யவில்லை. தனியார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுச் செய்தது. பத்திரிகையில் இதைப் பொது–தனியார் கூட்டு முயற்சி என்று எழுதுகிறார்கள். ஏதோ நேற்று முளைத்த ஏற்பாடு போலத் தோன்றும். இல்லை. நம்ம ஊர் வழியாக ஓடுகிற பக்கிங்காம் கால்வாய் இருக்கிறதே, அதன் முதல் துண்டே இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் வெட்டியதுதான். இருநூறு வருஷத்துக்கு முந்திய சங்கதி.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று. இந்த ஒப்பந்தங்கள் விவசாயிக்குப் புரியாதவை என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் வாரம் இருக்கிறது, குத்தகை இருக்கிறது, போக்கியம் இருக்கிறது. விளைச்சலில் பங்கு என்றால் வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசியதைக் கொடுத்துவிட வேண்டும் என்றால் குத்தகை. கைக்குப் பணம் வாங்கிக்கொண்டு நிலத்தை இத்தனை வருஷம் அனுபவித்துக்கொள் என்று விட்டால் போக்கியம். பெரிய பெரிய கம்பெனி ஒப்பந்தங்களையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும். வக்கீல் எழுதியிருப்பதால் ஐந்நூறு பக்கம் இருக்கும், அவ்வளவுதான்.

பொது வேலையைத் தனி ஆளிடம் விடுவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பழைய கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்று வரும். ஏரியைத் தூர்வாரிக் காப்பதற்கென்று ஒதுக்கிய நிலம் அது. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்திலேயே ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்தது. வடக்கே சித்தூர், கடப்பைப் பக்கம் தசபந்தம் என்று ஒரு முறை. ஒருவர் தன் காசைப் போட்டு ஏரி கட்டினாலோ உடைந்ததைச் சீர் செய்தாலோ, அந்த ஏரி பாயும் நிலத்தில் ஒரு பங்கை மானியமாக அவருக்கு விடுவார்கள். அதில் நான் மெச்சுகிற விஷயம் ஒன்று உண்டு. ஏரியில் தண்ணீர் நின்றால்தான் அவருடைய மானிய நிலமும் விளையும். கரை உடைந்தால் ஊரோடு சேர்ந்து அவரும் பட்டினி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது கால்வாய்க்கு வருவோம். 1800 வாக்கில் சென்னப்பட்டணத்துக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும், மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் சரக்கு கரை சேரும். வடக்கிலிருந்து தரைவழி வரலாம் என்றால் ஒரே மணல். பட்டணம் பெருத்துக்கொண்டே போகிறது, அடுப்பெரிக்க விறகு வேண்டும், உப்பு வேண்டும். எண்ணூர் கழிமுகம், அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரி என்று இயற்கையே பாதி நீர்வழியைப் போட்டு வைத்திருந்தது. பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு துண்டு வெட்டினால் போதும், படகு நேரே போய்விடும்.

வெட்டப் பணம் போட்டவர் பேசில் காக்ரேன். ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் வியாபாரம் செய்து, ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல்களுக்கு உணவுச் சாமான் வழங்கும் காண்டிராக்ட் எடுத்துப் பெரும் பணம் சேர்த்தவர். 1801இல் வேலை தொடங்கி 1806இல் முடிந்தது. நீளம் 11 மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர். காசு அவருடையது. அதற்குப் பதிலாக, போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் வாங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு. காக்ரேன் கால்வாய் என்றே பெயர் நின்றது. பிறகு பழவேற்காடு ஏரி வரைக்கும் அதற்கு மேலும் வழி நீண்டது. (இந்த மனிதர் ஊர் திரும்பி லண்டனில் நீராவிக் குளியல் கூடம் ஒன்று நடத்தினார் என்பதும், கடற்படைக் காண்டிராக்ட் கணக்கைப் பற்றி அதிகாரிகளோடு பல வருஷம் வழக்காடிக்கொண்டிருந்தார் என்பதும் தனிக் கதை. காண்டிராக்ட் என்றால் கணக்குத் தகராறும் கூடவே வரும் போலிருக்கிறது.)

இது என்ன வகை? யோசித்துப் பாருங்கள், சுத்தமான போக்கியம். அரசாங்கத்தின் கஜானாவில் கை வைக்காமல் கால்வாய் கிடைத்தது. கால்வாயில் படகு ஓடாவிட்டால் நஷ்டம் காக்ரேனுக்கு. ஓடினால் லாபம் அவருக்கு. அந்த மட்டில் நியாயமான பேரம் என்றே சொல்லுவேன். ஆனால் போக்கியத்தில் ஒரு குறை இருப்பது நிலம் வைத்திருக்கிற உங்களுக்குத் தெரியாததா? கடைசி வருஷம் போக்கியக்காரர் நிலத்துக்கு எரு அடிப்பாரா? வரப்பு கட்டுவாரா? நாளைக்கு விட்டுப் போகிற சொத்துக்கு யாரும் செலவு செய்வதில்லை. அதோடு, கால்வாய் தனியார் கையில் இருக்கும் வரை சுங்கம் கிடைக்கிற துண்டு மட்டும்தான் அவருக்குப் பொருட்டு. வடக்கே கிருஷ்ணா வரை நீட்டினால் நாட்டுக்கு நல்லது, ஆனால் அவருக்கு அதில் என்ன? 1837இல் சென்னை அரசாங்கமே கால்வாயைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நீட்டும் வேலையும் பிறகு அரசாங்கச் செலவில்தான் நடந்தது.

அடுத்த அத்தியாயம் இன்னும் சுவையானது, கொஞ்சம் கசப்பும் கூட. 1850களில் ரயில் வந்தது. தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. போட்டது மதராஸ் ரயில்வே கம்பெனி, லண்டன் பங்குதாரர்களின் பணம். இதில் பேசிய பேரம் காக்ரேன் பேரம் மாதிரி இல்லை. நிலம் இனாம். போட்ட முதலுக்கு வருஷம் நூற்றுக்கு 5 வட்டி உத்தரவாதம். ரயில் லாபத்தில் ஓடினால் சரி, குறைந்தால் குறையை அரசாங்கம் கட்டிக் கொடுக்கும். அரசாங்கம் கட்டுவது என்றால் யார்? தீர்வை கட்டிய குடியானவன்தான். அந்தக் காலத்தில் இங்கிலாந்து அரசாங்கப் பத்திரத்துக்கே 3 வட்டி சுமார்தான். 5 வட்டி நிச்சயம் என்றால் எவன் போடமாட்டான்? செலவு கூடினால் கம்பெனிக்கு நஷ்டமில்லை, முதல் கூடக்கூட வட்டியும் கூடும். இப்படிப்பட்ட குத்தகையை நீங்கள் பேசுவீர்களா? உங்கள் நிலத்தில் ஒருவர் பயிர் வைக்கிறார், விளையாவிட்டால் நீங்கள் அவருக்குப் பணம் கட்ட வேண்டும் என்றால் ஊரே சிரிக்காதா?

இதே உத்தரவாதத்தில் பாசனத்துக்கும் ஒரு கம்பெனி வந்தது. சர் ஆர்தர் காட்டன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோதாவரி அணைக்கட்டைக் கட்டியவர், கல்லணைப் பகுதியிலும் கொள்ளிடத்திலும் வேலை செய்தவர். ரயிலைவிடக் கால்வாயே இந்த நாட்டுக்கு ஏற்றது, சரக்கும் போகும் பயிரும் விளையும் என்பது அவருடைய கட்சி. அவருடைய யோசனையின் பேரில் 1858இல் மதராஸ் பாசன, கால்வாய்க் கம்பெனி லண்டனில் ஏற்பட்டது. 10 லட்சம் பவுன் முதலுக்கு 5 வட்டி உத்தரவாதம். துங்கபத்திரையில் சுங்கேசுலா என்ற இடத்தில் அணை கட்டி, கர்நூலிலிருந்து கடப்பைக்குக் கால்வாய் வெட்டினார்கள். முதல் திட்டம் அந்த வழியே நெல்லூர்க் கடற்கரை வரை வருவது. வரவில்லை. போட்ட பணம் கடப்பை போவதற்குள்ளேயே போதவில்லை.

வெட்டிய பிறகு பார்த்தால் தண்ணீர் வாங்க ஆளில்லை! ஏன்? அங்கே பெரும்பகுதி கரிசல் மண். மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோளமும் பருத்தியும் தருகிற மண். அதில் தண்ணீரைக் கட்டி நிறுத்தினால் பயிர் வேர் அழுகும், உவர் மேலே வரும். கரிசல் குடியானவன் இதைத் தலைமுறையாக அறிந்தவன். கம்பெனி இன்ஜினீயர் அவனைக் கேட்கவில்லை. நெல் விளையும் தஞ்சாவூர் வண்டலைப் பார்த்து, அதே கணக்கைக் கரிசலுக்கும் போட்டுவிட்டார்கள். தண்ணீர் தீர்வை கட்டி யாரும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. வட்டி மட்டும் தவறாமல் லண்டனுக்குப் போனது. கடைசியில் 1882இல் அரசாங்கமே கம்பெனியை விலைக்கு வாங்கிக்கொண்டது. விவசாய இலாகாவில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கதை மேல் தனிப் பிரியம். மண்ணைக் கேட்காமல் போட்ட திட்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்தக் கால்வாய் பின்னாளில் அரசாங்கத்தால் திருத்தப்பட்டு இன்று நல்ல பாசனம் தருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம்ம கால்வாய் இதற்குள் என்னவாயிற்று? 1876–78 தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த காலம். பஞ்ச நிவாரண வேலையாக, அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே விட்டுப்போன 5 மைலை 1877–78இல் வெட்டி வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் இணைத்தார்கள். பட்டினியால் எலும்பும் தோலுமான மனிதர்கள் மண் சுமந்த வேலை அது. பெயர் மட்டும் அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று. வடக்கே கிருஷ்ணா பக்கம் பெத்தகஞ்சத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீர்வழி. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு, உப்பு, ஆந்திரத்து நெல், கருவாடு, சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் இதில்தான் பட்டணம் வந்தன. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பு. பழவேற்காட்டுப் பக்கத்தில் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் கதை கதையாகச் சொல்வார்கள்.

1899இல் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் ரயில் இணைப்பு வந்தது. நம்ம பொன்னேரி, மீஞ்சூர் வழியாகப் போகிற தடம்தான். பக்கத்திலேயே ரயில் ஓடினால் படகுக்கு என்ன மரியாதை? அப்படியும் சுலபத்தில் சாகவில்லை. 1960–61இல் கூட 2 லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு போயிருக்கிறது. 1965, 1966 புயல்களில் உடைந்தது சரியாகச் சீர் செய்யப்படவில்லை. பட்டணத்துச் சாக்கடை ஒரு பக்கம், அனல் மின் நிலையத்துச் சாம்பலும் சுடுதண்ணீரும் ஒரு பக்கம். நகரத்துக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயிலேயே நிற்கின்றன. 2008இல் இதை 4ஆம் எண் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவித்தார்கள். அறிவித்தார்கள், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சுதந்திரம் வந்த பிறகு நாற்பது வருஷம் துறைமுகம், மின்சாரம், ரோடு எல்லாம் அரசாங்கமே செய்தது. 1991இல் நாட்டின் அந்நியச் செலாவணி கிட்டத்தட்ட வற்றிப்போன நெருக்கடிக்குப் பிறகு காற்று மாறியது. பணம் இல்லை, வேலை நடக்க வேண்டும், தனியாரைக் கூப்பிடு என்றார்கள். காக்ரேன் காலத்து யோசனைதான், புதுச் சட்டை போட்டு வந்தது.

எண்ணூர்த் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடசென்னை அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க ஏற்பட்டது. 2001இல் திறந்தார்கள். நாட்டின் 12ஆவது பெரிய துறைமுகம். மற்றவை போல டிரஸ்டாக இல்லாமல், 1999இல் கம்பெனியாகவே பதிவான முதல் பெரிய துறைமுகம் இது. 2014இல் காமராஜர் பெயர் வைத்தார்கள். 2020இல் மத்திய அரசின் பங்கைச் சென்னைத் துறைமுகம் வாங்கிக்கொண்டது. இங்கே துறைமுகம் நிலச்சுவான்தார் மாதிரி. அலைதடுப்புச் சுவர், கப்பல் வரும் ஆழமான வழி இதெல்லாம் அதன் பொறுப்பு. உள்ளே சரக்கு இறக்கும் தளங்களைத் தனியார் கட்டி நடத்தி, வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டும். யார் அதிகப் பங்கு தருகிறேன் என்று கேட்கிறாரோ அவருக்குத் தளம். இது வாரம். மூன்று வகையில் எனக்கு ஓரளவு பிடித்தது இதுதான், ஏனென்றால் சரக்கு வந்தால் இரண்டு பேருக்கும் லாபம், வராவிட்டால் இரண்டு பேருக்கும் கஷ்டம். தசபந்தத்து ஏரிக்காரர் மாதிரி.

அதற்கு வடக்கே ஒட்டினாற்போல் காட்டுப்பள்ளி. எல் அண்டு டி கம்பெனி, மாநில அரசின் டிட்கோ நிறுவனத்தோடு சேர்ந்து கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் கட்டியது. துறைமுகம் 2013இல் இயங்கத் தொடங்கியது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் இடம் மாறின. வேலை தருவதாகப் பேச்சு. கிடைத்த காண்டிராக்ட் வேலையை நிரந்தரமாக்கு என்று பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2018இல் துறைமுகம் அதானி குழுமத்துக்குக் கைமாறியது. இங்கேதான் கவனிக்க வேண்டும். நாம் ஒரு நிலம் வாங்கினால் முதலில் என்ன செய்கிறோம்? வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். கடன் இருந்தால் அது நிலத்தோடு சேர்ந்து வரும். ஆனால் குப்பத்து மக்களுக்கு வாயால் சொன்ன வாக்கு எந்த வில்லங்கத்திலும் ஏறாது. பேசியவர் ஒருவர், இப்போது கேட்டில் நிற்பவர் வேறொருவர். எழுத்தில், ஒப்பந்தத்தின் ஷரத்தாக இல்லாத வாக்குறுதிக்கு வாரிசு கிடையாது.

இனிக் கடல்நீர் ஆலை. மீஞ்சூர் ஆலை என்று பெயர், இருப்பது காட்டுப்பள்ளிக் கடற்கரையில். 2010 ஜூலை 31இல் திறந்தது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர். ஹைதராபாத்தின் ஐ.வி.ஆர்.சி.எல். கம்பெனியும் ஸ்பெயின் நாட்டு பெஃபெசா கம்பெனியும் சேர்ந்து தம் பொறுப்பில் கட்டின. 25 வருஷம் நடத்தித் தண்ணீரைச் சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு விற்பது, பிறகு ஆலையை ஒப்படைப்பது என்று ஏற்பாடு. ஆரம்பத்தில் பேசிய விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு.

இதை நம்ம கணக்கில் போடுவோம். முழு அளவு ஓடினால் நாளைக்கு 48 லட்சத்து 66 ஆயிரம் ரூபாய். வருஷத்துக்கு 177 கோடிக்கு மேல். இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், ஒரு ஆசைக்குத்தான். ஒரு ஏக்கர் நெல்லுக்கு மொத்தம் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் 48 லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. ஆலைத் தண்ணீரை அந்த விலைக்கு வாங்கிப் பாய்ச்சினால் ஏக்கருக்கு 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய் தண்ணீருக்கு மட்டும்! உங்கள் கிணற்றில் இருக்கிற நல்ல தண்ணீரின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

தண்ணீர் விற்கிற இத்தகைய ஒப்பந்தங்களில் ஒரு முடிச்சு வழக்கமாக இருக்கும். வாங்குபவர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்சத் தொகை கட்டியாக வேண்டும். மழை கொட்டி பூண்டியும் செங்குன்றமும் நிரம்பி வழிகிற வருஷத்திலும் மீட்டர் நிற்காது. கம்பெனிக்குக் கடன் கொடுக்கிற பாங்கி இதைக் கேட்கத்தான் செய்யும், அதைக் குறை சொல்ல முடியாது. வறட்சிக்கு இது காப்பீடு மாதிரி, பயிர் பிழைத்த வருஷத்தில் கட்டிய பிரீமியத்தைத் திரும்பக் கேட்கிறோமா? ஆனால் பிரீமியம் எவ்வளவு என்பதைக் கட்டுகிற ஜனங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? இன்னொன்றையும் பாருங்கள். கட்டிய ஐ.வி.ஆர்.சி.எல். கம்பெனியே கடனில் மூழ்கி 2019இல் கலைப்பு நடவடிக்கைக்குப் போயிற்று. 25 வருஷ ஒப்பந்தம் என்கிறோம், கம்பெனிக்கு ஆயுசு 25 வருஷம் என்று யார் ஜாதகம் எழுதினார்கள்? நெம்மேலியில் 2013இல் திறந்த இரண்டாவது ஆலையில் வழி மாறியது. அதே 10 கோடி லிட்டர்தான், ஆனால் ஆலை குடிநீர் வாரியத்துக்குச் சொந்தம். கட்டி நடத்தித் தருவது மட்டும் கம்பெனி வேலை.

நம்ம வட்டாரத்தில் அந்த ஆலை ஏன் வந்தது என்பதிலும் ஒரு ஒப்பந்தக் கதை இருக்கிறது. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் நல்ல மணல், அடியில் நல்ல தண்ணீர். 1960களின் கடைசியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் பட்டணத்துக்கென்று ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். எடுக்க எடுக்க, கடல் நீர் நிலத்தடியில் உள்ளே வந்தது. நல்ல தண்ணீர் கனம் குறைந்தது, உப்புத் தண்ணீர் கனம் அதிகம். நல்ல தண்ணீரின் அழுத்தம் இருக்கும் வரை உப்பு ஒதுங்கி நிற்கும், அழுத்தம் குறைந்தால் அடிவழியே நுழையும். 1987இல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சட்டமே போட வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் 2000க்குப் பிந்திய வறட்சிகளில் விவசாயக் கிணறுகளிலிருந்து குடிநீர் வாரியம் தண்ணீர் வாங்கியது. விற்றவர்கள் நம்மவர்கள்தான். பயிரைவிடத் தண்ணீர் லாபம் என்றால் ஒருவர் விற்பதில் என்ன தப்பு? ஆனால் அந்தப் பேரத்தில் இரண்டே பேர்தான். பக்கத்துக் கிணற்றுக்காரர் கையெழுத்துப் போடவில்லை, அவர் கிணறுதான் இறங்கியது. கூலிக்கு நாற்று நட வந்த பெண்களும் கையெழுத்துப் போடவில்லை.

பெரிய ஒப்பந்தங்களிலும் எனக்குப் படுகிற பெருங்குறை இதுவே. கம்பெனி ஒரு பக்கம், அரசாங்கம் ஒரு பக்கம். மீனவர் எந்தப் பக்கம்? இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி கடல் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல் சுவர் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகச் சுவர் 1870களில் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகலமாயிற்று, வடக்கே ராயபுரம் கரை தின்னப்பட்டது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே உள்ள மெல்லிய மணல் திட்டு. அது போனால் ஏரி ஏரியாக இருக்குமா? இந்த அரிப்பு எந்தக் கம்பெனி லாபநஷ்டக் கணக்கிலும் வராது. 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியில் கையால் அள்ளியவர்களில் மீனவர்களும் இருந்தார்கள். மீன் வாங்க ஆளில்லாமல் போன நாட்களின் நஷ்டத்தை முதலிலேயே எந்த ஷரத்தில் எழுதி வைத்திருந்தார்கள்?

பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி மீன் நன்றாகப் படுகிற இடங்களில் சுத்து வலை கட்டுவதற்கு ஊரார் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. எல்லாச் சமூகத்தாருக்கும் இதில் இடமில்லை என்ற நியாயமான மனக்குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லாபம் மாதிரியே நஷ்டத்தையும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஒப்பந்தம் எழுதுகிற வக்கீல்கள் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

சரி, இனி நமக்கு வேலை என்ன? காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கான பொதுமக்கள் கருத்துக் கேட்பு 2021 ஜனவரி 22இல் நடக்கும் என்று அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. இது ஆகட்டும், வேறொரு திட்டம் ஆகட்டும், சட்டத்தில் நமக்கு உள்ள இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வேண்டும், வேண்டாம் என்பது உங்கள் முடிவு. அதில் நான் தலையிட மாட்டேன்.

2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழிப் பத்திரிகையில். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும், கலெக்டர் அலுவலகத்தில் பார்க்கலாம். நேரில் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தால் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நில விஷயத்தில் 2013ஆம் வருஷத்து மத்தியச் சட்டம், பொது–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு நிலம் எடுக்கப் பாதிக்கப்படும் குடும்பங்களில் நூற்றுக்கு 70 பேர் சம்மதம் வேண்டும் என்கிறது. உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் தொழில் திட்டங்களுக்கு 1997ஆம் வருஷத்துத் தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி எடுத்தால் இந்தச் சம்மத விதி பொருந்தாது, 2021இல் உச்ச நீதிமன்றமும் அந்த ஏற்பாட்டை ஒப்புக்கொண்டது. ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்தால் முதலில் மேலே எந்தச் சட்டத்தின் பெயர் போட்டிருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் கேட்க வேண்டியதை இப்போதே எழுதி வையுங்கள். கிணற்றில் உப்பு ஏறினால் யார் பொறுப்பு, எத்தனை வருஷம்? அரிப்பை யார் அளப்பது, அளந்த கணக்கை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவீர்களா? கம்பெனி கைமாறினால் வேலை ஷரத்து புதியவரைக் கட்டுப்படுத்துமா? உங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பளவை வருஷத்துக்கு இரண்டு தடவை, கோடையிலும் மழைக்குப் பிறகும், சோதனை செய்து ரிப்போர்ட்டைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பத்து வருஷ ரிப்போர்ட் கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்கு இருக்கிற பலமே தனி. மண், தண்ணீர் மாதிரி எடுப்பது எப்படி என்று உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள்.

கருத்துக் கேட்பு முடிகிறபோது, யார் யார் என்ன சொன்னார்கள் என்ற சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதிதான். சாயங்காலம் ஆகிவிடும். பழவேற்காட்டுக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று பாதியில் எழுந்துவிடாதீர்கள். நீங்கள் சொன்னது அதில் ஏறியிருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள், ஏறாவிட்டால் அங்கேயே எழுந்து நின்று ஏற்றச் சொல்லுங்கள்.